வாசலில் நின்ற வண்டி

சண்டையைப் பற்றிக் கதை எழுத ஆசைப்படாத எழுத்தாளன் கிடையாது. ராஜாக்களின் சண்டை, பங்காளிச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை, வரப்புச் சண்டை என்று நம் கதைகளில் சண்டைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் இன்றைக்கு நம் தெருக்களிலே தினமும் நடக்கிற ஒரு சண்டை மட்டும் கதைக்காரர்களின் கண்ணில் வெகுநாள் படாமலே இருந்துவிட்டது. 'என் வாசலிலே உன் வண்டியை எதற்காக நிறுத்தினாய்?' என்கிற சண்டையைத்தான் சொல்கிறேன்.

கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சண்டையைத் தூர நின்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆறடி அகலத்துக்காக இரண்டு பெரிய மனிதர்கள் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள் என்றால், அதை ஒரு ஹாஸ்யத் துணுக்காக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாமே ஒழிய, அதிலே ஒரு நாவலுக்கான விஷயம் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றுகிறது. அதுமட்டுமில்லை; எழுதுவதற்கு இதைவிடக் கஷ்டமான விஷயம் வேறொன்று இருக்குமா என்றும் சந்தேகமாக இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு தமிழ் சினிமா. 2023 டிசம்பரில் வெளிவந்த 'பார்க்கிங்' என்ற படம். ராம்குமார் பாலகிருஷ்ணன் எழுதி இயக்கியது. 2025-ல் அறிவிக்கப்பட்ட 71-வது தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும், திரைக்கதைக்கான விருதும், அதில் நடித்த எம். எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் கிடைத்தன. சினிமாவைச் சினிமாவாகப் பார்த்து விமர்சிப்பது என் தொழில் இல்லை. அதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டு, இதே ஜாதியைச் சேர்ந்த வேறு சில கதைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சண்டையின் அளவைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் ஒரு கார் 'சிறிய கார்' என்று வரிச் சலுகை பெற வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது சுமார் 13 அடி. எங்கள் பக்கத்துப் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் முகப்பே பல இடங்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் சேத்தூரைத் தாண்டி வருகிற தேவதானம் என் ஊர். நெல்லும் தென்னையும், மேற்கே மலையும், நச்சாடை தவிர்த்த சுவாமி கோயிலும் அதற்கு அடையாளம். எங்கள் தெருக்கள் மாட்டுவண்டிக்காகப் போட்டவை. மாட்டுவண்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. இடைஞ்சலாக இருந்தால் இரண்டு பேர் நுகத்தடியைத் தூக்கித் தள்ளி ஓரமாக விட்டுவிடலாம். வண்டிக்காரனை எழுப்பக்கூட வேண்டாம். பூட்டிய காரை அப்படித் தள்ள முடியாது. சாவி வைத்திருக்கிறவனை எழுப்பித்தான் ஆகவேண்டும். எழுப்ப வேண்டுமானால் பேச வேண்டும். சண்டை அந்தப் பேச்சிலேதான் ஆரம்பமாகிறது.

ஊரின் பெயரைப் பாருங்கள். தேவதானம் என்றால் தேவனுக்குத் தானமாக விட்ட நிலம். அந்தக் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் விட்டால் நான்கு எல்லையிலும் சூலம் பொறித்த கல்லை நடுவார்கள். சூலக்கல் என்று அதற்குப் பெயர். விஷ்ணு கோயிலானால் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். சாமிக்குக் கொடுத்த நிலத்துக்கே எல்லைக்கல் தேவைப்பட்டது என்றால், ஆசாமிகளைப் பற்றிச் சொல்வானேன்! இப்போது தெருவில் நடக்கிற கல் நடுவிழாவுக்கு உடைந்த ஆட்டுரலும், வெள்ளையடித்த பாறாங்கல்லும், சிமெண்டு நிரப்பி நடுவில் இரும்புக் குழாய் சொருகிய பழைய டயரும் பயன்படுகின்றன. பூந்தொட்டி வைக்கிறவர்கள் நாகரிகமானவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கதைக்காரன் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் அவன் பாத்திரங்கள் வக்கீல் வீட்டுக்குப் போகும்போது அவனால் கூடப் போக முடியாது. தெரு பொதுச் சொத்து. வீட்டுக்காரனுக்குத் தன் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கவும், தெருவிலிருந்து வாசலுக்கு ஏறவும் உரிமை உண்டு. அதை யாரும் மறிக்கக் கூடாது. 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே, ஒரு கட்டிடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது என்று இருந்தது. பொதுவழியில் இடையூறு செய்தால் அதை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் தன் வாசலுக்கு எதிரே இருக்கிற தெருவில் தன் வண்டிதான் நிற்க வேண்டும் என்று கேட்கிற உரிமை வீட்டுக்காரனுக்கு இல்லை. போகிற உரிமை வேறு, நிறுத்துகிற உரிமை வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "முப்பது வருஷமாக என் வண்டி இங்கேதான் நிற்கிறது" என்பார்கள். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தில், அடுத்தவன் நிலத்தின் வழியே இருபது வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு போய்வந்தால் அந்தப் பாதைக்குப் பாத்தியதை உண்டாகிறது என்று இருப்பது வாஸ்தவம். அந்த இருபது வருஷக் கணக்கைக் கேள்விப்பட்டவர்கள் அதைத் தெருவின் மேல் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆகச் சட்டத்தின் பதில் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கிறது. அப்படியும் சண்டை ஏன் ஓய்வதில்லை? கேட்கப்படாத கேள்விக்குச் சட்டம் பதில் சொல்வதுதான் காரணம். "யாருக்கு உரிமை?" என்று கோர்ட்டு கேட்கிறது. தெருவில் நிற்கிறவன் கேட்பது, "என்னை என்னவென்று நினைத்துக்கொண்டாய்?" என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லா கோர்ட்டிலும் தீர்ப்புக் கிடையாது, டில்லியிலும் கிடையாது. அங்கேதான் கதைக்காரனுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்களில் முதல்வன் என்று நான் நினைப்பது ருஷ்ய எழுத்தாளர் கோகலை. இரண்டு இவான்கள் சண்டை போட்டுக்கொண்ட கதை என்று ஒன்று எழுதினார். 1834-ல் வெளிவந்து, அடுத்த வருஷம் 'மிர்கொரோத்' என்ற தொகுதியில் சேர்ந்தது. இவான் இவானோவிச்சும் இவான் நிகிபொரோவிச்சும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்; பிராண சிநேகிதர்கள். ஒருநாள் நிகிபொரோவிச்சின் வீட்டு முற்றத்தில் துணிமணிகளோடு ஒரு பழைய துப்பாக்கியும் காற்றாட வைக்கப்பட்டிருப்பதை மற்றவர் பார்க்கிறார். அது தனக்கு வேண்டுமென்று கேட்கிறார். பதிலுக்கு ஒரு பன்றியும் இரண்டு மூட்டை ஓட்ஸும் தருவதாகச் சொல்கிறார். பேரம் முற்றி, நிகிபொரோவிச் அவரை ஆண் வாத்து என்று அழைத்துவிடுகிறார். தீர்ந்தது. துப்பாக்கியும் மறந்துபோயிற்று, பன்றியும் மறந்துபோயிற்று. வாத்து மட்டும் நின்றது.

இதற்கு அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி. அந்த வேலியில் ஏறி இறங்கி இருவரும் போக வர ஒரு இடம் உண்டு. அந்த இடத்திலே, எதிரியின் கண்முன்னே, நிகிபொரோவிச் ஒரு வாத்துக் கூண்டைக் கட்டுகிறார். இரவோடு இரவாக மற்றவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டின் கால்களை அறுத்துத் தள்ளுகிறார். இருவரும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் கொடுத்த மனுவை எதிரியின் பன்றி கோர்ட்டுக்குள் ஓடிவந்து கவ்விக்கொண்டு போய்விடுகிறது. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். கடைசியில் கதை சொல்கிறவன் பல வருஷம் கழித்து அந்த ஊருக்குப் போகிறான். இருவரும் கிழவர்களாகிவிட்டார்கள். வழக்கு முடியவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே, தீர்ப்பு தமக்குச் சாதகமாக வரப்போகிறது, சீக்கிரமே வரப்போகிறது என்கிறார்கள். சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது.

அந்த வாத்துக் கூண்டை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிகிபொரோவிச்சுக்கு அந்த இடத்தில் கூண்டு தேவையில்லை. வீட்டைச் சுற்றி எத்தனையோ இடம் இருந்தது. இரண்டு வீடும் ஒன்றாக இருந்ததற்குச் சாட்சி எந்த இடமோ, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட வஸ்து அது. நம் தெருக்களில் நிற்கிற கார்களில் எத்தனை, தினசரி ஓட்டுவதற்காக வாங்கப்பட்டவை? எத்தனை, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவதற்காக வாங்கப்பட்டவை?

'பார்க்கிங்' படத்தின் கதைக்கும் இங்கேதான் உயிர்நிலை. ஒரு வாடகை வீடு. கீழே பல வருஷமாகக் குடியிருக்கிற ஒரு அரசாங்க அதிகாரி. மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள். நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். சிக்கனக்காரர். மாடிக்குப் புதிதாகக் குடிவருகிறான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற ஒரு இளைஞன், மனைவி கர்ப்பிணி. அவளுக்காக ஒரு கார் வாங்குகிறான். கார் நிறுத்துகிற இடம் ஒன்றுதான். அங்கே பெரியவரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இந்தச் சிறு நெருக்கத்திலிருந்து சச்சரவு கிளம்புகிறது. சச்சரவு வளர்ந்ததும் பெரியவர் என்ன செய்கிறார்? அவரும் ஒரு கார் வாங்கிக்கொண்டு வருகிறார். அந்தக் காட்சியில் கோகலின் வாத்துக் கூண்டு சென்னைத் தமிழ் பேசிக்கொண்டு வந்து நின்றது போல் எனக்கு இருந்தது. இயக்குநர் கோகலைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனித சுபாவத்தை உள்ளபடி பார்த்தால் இரண்டு பேர் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள்.

படத்தில் நான் மிகவும் ரசித்தது ஒரு சிறிய விஷயம். அந்த இடம் இருவருக்கும் சொந்தமில்லை. இருவரும் குடக்கூலிக்காரர்கள். நாளைக்கு வீட்டுக்காரர் 'காலி செய்' என்றால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர்கள். தமக்குச் சொந்தமில்லாத இடத்துக்காக, தமக்குச் சொந்தமானதையெல்லாம் பணயம் வைக்கிறார்கள். பூர்வீகச் சொத்துக்காக அடித்துக்கொள்கிற பங்காளிக் கதைகளை ஆயிரம் படித்துவிட்ட நமக்கு இது புதிது. நகர வாழ்க்கையின் சாரத்தையே தொட்டுவிடுகிற கற்பனை.

இன்னொன்று, நியாயத்தை இரண்டு பக்கமும் பங்கு போட்ட விதம். கர்ப்பிணி மனைவிக்குக் கார் வேண்டும் என்பது நியாயந்தானே? வருஷக்கணக்காக இருக்கிறவனை நேற்று வந்தவன் நகர்த்தச் சொன்னால் கோபம் வருவதும் நியாயந்தானே? பெரியவரின் நேர்மையை ஆசிரியர் பயன்படுத்தியிருக்கிற விதம் அதைவிட அழகு. ஆயுள் முழுவதும் யாரிடமும் ஒன்றும் வாங்காதவருக்கு, 'எனக்கு வரவேண்டியது' என்று ஒன்று மனசுக்குள்ளே கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் ஒரு கார் நிற்கிற இடத்தில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை எம். எஸ். பாஸ்கர் தம் முகத்தின் இறுக்கத்திலேயே காட்டிவிடுகிறார். ஒழுக்கம் கர்வமாகத் திரிகிற அந்த இடத்தைத் தொட்ட தமிழ்ப் பாத்திரங்கள் குறைவு.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். படம் பாதிக்கு மேல் போனதும் கார் நிறுத்துகிற இடத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. போலீஸ், உத்தியோகம், மானம், உயிர் என்று ஒவ்வொன்றாகப் பந்தயத்தில் ஏறுகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் உயிரை வாங்குகிற அளவுக்கு ஒரு சண்டை வளர்ந்தபின், அது எதற்காக வந்த சண்டையாக இருந்தால் என்ன? நிலத்துக்காக இருந்தாலும் பெண்ணுக்காக இருந்தாலும் பதவிக்காக இருந்தாலும் அந்தக் காட்சிகள் அப்படியேதான் இருந்திருக்கும். இந்தச் சண்டைக்கென்று ஒரு பயங்கரம் இருக்கிறது. அது அதன் சின்னத்தனத்தில் இருக்கிறது. சண்டை பெரிதாகப் பெரிதாக அந்தப் பயங்கரம் குறைகிறது. கோகல் தம் கதையில் ஒரு கூண்டுக்கும் நாலு காகிதத்துக்கும் மேலே எதையும் அனுமதிக்கவில்லை. அவர் சேர்த்த ஒரே சரக்கு, வருஷங்கள். இரண்டு மணி நேரத்தில் ஜனங்களை உட்கார வைத்து அனுப்ப வேண்டிய சினிமாக்காரருக்கு வருஷங்களைக் காட்டுவது சுலபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாவலாசிரியனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

சின்ன விஷயத்தைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு கனமாக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்களுக்குக் கிழக்கே கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணனின் 'கதவு' கதை இருக்கிறது. தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். அவ்வளவுதான் விஷயம். கதவு கதவாகவே இருக்கிறது. அதை வைத்து அவர் சர்க்காரையும் வறுமையையும் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. படித்து முடித்தவனுக்குத் தன் வீட்டுக் கதவைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

பொது இடத்துச் சண்டை என்றால் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை விட்டுவிட முடியாது. 1966-ல் புத்தகமாக வந்த நாவல். முச்சந்தியில் நிற்கிற ஒரு மரம். எல்லாருக்கும் சொந்தம், ஆகவே ஒருவருக்கும் சொந்தமில்லை. வியாபாரப் போட்டி, நகரசபை, தேர்தல், பத்திரிகை என்று ஊர்ப் பகையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டப்படுகிறது. கடைசியில் மரம் பட்டுப்போகிறது. சண்டைக்காரர்கள் யாரோ, செத்தது யாரோ! கோகலின் கதையில் சண்டைக்காரர்கள் இருவரும் அழிகிறார்கள். இந்த நாவலில் சண்டையில் சேராத மரம் அழிகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் ஒரு உரைகல் செய்து வைத்திருக்கிறேன். அண்டை வீட்டுச் சண்டையைச் சொல்கிற எந்தக் கதையையும் எடுத்துக்கொண்டு, 'இதிலே செத்துப்போனது எது?' என்று கேட்க வேண்டும். பதில் சரியாக வந்தால் கதை தேறும்.

நம் தெருச் சண்டையில் செத்துப்போவது எது? எங்கள் ஊர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளை உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி. குட்டியானை என்று ஜனங்கள் சொல்கிற சின்ன லாரி ஒன்று வைத்திருக்கிறார். ராத்திரி அது எதிர்வீட்டு வாசலை ஒட்டி நிற்கும். எதிர்வீட்டு அம்மாளுக்கு விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். வண்டி நின்றால் பாதிக் கோலம்; வண்டி கிளம்பின பிறகு போட்டால் எண்ணெய் சொட்டிய இடத்தில் மாவு ஒட்டாது. இந்த விஷயத்தைப் 'பார்க்கிங்' படம் தொடவில்லை. அங்கே பெண்கள் புத்தி சொல்கிறார்கள், அழுகிறார்கள். அவர்களுக்கென்று சண்டையில் ஒரு பங்கு இல்லை. எங்கள் தெருக்களில் வாசலுக்கு முன்னால் இருக்கிற நாலடி மண் தினமும் அரைமணி நேரம் பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கிறது. எந்தப் பத்திரத்திலும் எழுதாத சொத்து. அதன் மேல் சக்கரம் ஏறினால் அவள் சும்மா இருக்க மாட்டாள்.

அந்த அம்மாள் ஒரு பழைய ஆட்டுரலை உருட்டிக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். வியாபாரி தம் வீட்டுக்குள் வண்டி ஏறுவதற்காகச் சாக்கடைக்கு மேலே சிமெண்டுச் சறுக்கு ஒன்று கட்டினார். மழை பெய்தபோது தண்ணீர் திரும்பி எதிர்வீட்டுத் திண்ணையைத் தொட்டது. மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒருநாள் நடு ராத்திரியில் அந்த அம்மாளின் புருஷனுக்கு நெஞ்சுவலி. தெருவில் இருக்கிற ஒரே வண்டி எதிரே நிற்கிறது. அவள் வாசல் வரை வந்தாள். ஆட்டுரல் பக்கத்தில் நின்றாள். அப்புறம் பக்கத்துத் தெருவுக்குப் பையனை ஓட விட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். கால்மணி நேரம் போயிற்று. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

பின்னால் இருவரிடமும் பேசுகிற சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. வியாபாரி சொன்னார்: "ஆட்டோச் சத்தம் கேட்டுச்சுண்ணே. எந்திரிச்சு உக்காந்துட்டேன். சாவிகூடக் கையில எடுத்துட்டேன். கூப்பிடாம எப்படிப் போறது?" அந்த அம்மாள் சொன்னது இது: "கூப்பிட்டா வந்துருவாப்லன்னு தெரியும் தம்பி. அதான் கூப்பிடல. வந்துட்டாப்லன்னா அந்தக் கல்ல எடுக்கணும்ல?"

இதற்கு மேலே ஒரு கொலையோ தீ வைப்போ இந்தக் கதைக்குத் தேவையா? உதவி செய்யத் தயாராக ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வருவார் என்ற நம்பிக்கையும் எதிர்வீட்டில் இருக்கிறது. நடுவிலே பத்தடித் தெரு. அந்தத் தெருவைத் தாண்டுவதற்கு இருந்த ஒரே பாலம், கூப்பிடுகிற குரல். செத்துப்போனது அதுதான். கோகல் கதையில் வேலியைத் தாண்டுகிற இடத்தில் கட்டிய வாத்துக் கூண்டுக்கும் இந்த ஆட்டுரலுக்கும் என்ன வித்தியாசம்? நம் தெருவில் வண்டிச் சண்டையைப் பற்றி எழுத வருகிறவன் அந்தக் கால்மணி நேரத்தை எழுத வேண்டும். எழுதும்போது இருவரில் ஒருவரையும் பொல்லாதவராக்கக் கூடாது. அதுதான் கஷ்டம் என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

குறுகலான இடத்தைப் பற்றி நம் பெரியவர்களுக்கும் ஒரு கதை தெரிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வளர்ந்த யாரும் அதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. திருக்கோவலூரில் மழை இரவில் ஒரு இடைகழி. பொய்கையாழ்வார் அதிலே படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறார். பேயாழ்வாரும் வருகிறார். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நிற்கிறார்கள். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஒருவர் நெருக்குகிறார், அவர்தான் பகவான். பக்தர்களுக்கு இதில் முக்கியம் அந்த நாலாவது ஆசாமி. கதைக்காரனாகிய எனக்கு முக்கியம், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த அந்தக் கணம். வந்தவர் உரிமை கேட்கவில்லை. இருந்தவர் முன்னால் வந்த பாத்தியதையைப் பேசவில்லை. ஒரு ஆள் தன் சௌகரியத்தில் ஒரு படி தானாகவே இறங்கினான். அடியார் வரலாற்றில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நாவலில் அந்த ஒரு படி இறங்குவதற்கு முந்நூறு பக்கம் வேண்டியிருக்கும். சில பாத்திரங்கள் முந்நூறு பக்கத்துக்குப் பிறகும் இறங்க மாட்டார்கள். அதையும் உள்ளபடி எழுதத்தான் வேண்டும்.

"இதற்கெல்லாம் கதை எழுதி என்ன ஆகப்போகிறது? சர்க்கார் சட்டம் போட்டால் சரியாகிவிடுமே" என்று சில நண்பர்கள் சொல்லலாம். சட்டத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஜப்பானில் 1962-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று அத்தாட்சி காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். தமிழ்நாட்டிலும் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் புதுக் கட்டிடங்களுக்கு வண்டி நிறுத்துமிடம் கேட்கின்றன. நல்ல காரியம். ஆனால் பழைய தெருவைப் பிய்த்துப் போட்டு அகலமாக்க எந்த விதியாலும் ஆகாது. தெருவை அகலமாக்கினாலும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பி வாசலுக்கு அனுப்ப ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இலக்கியம் அவனை எழுப்பிவிடும் என்றும் நான் ஜம்பம் பேசவில்லை. கோகல் எழுதியதால் ருஷ்யாவில் வேலிச் சண்டை நின்றுவிட்டதா என்ன? ஒரு நல்ல கதை செய்யக்கூடியது வேறு ஒன்று. சண்டையில் இருக்கிறவனுக்குத் தன் பக்கம் மட்டும்தான் தெரியும். எதிர்வீடு ஒரு சுவர். கதை அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கிறது. உள்ளே ஒருவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அப்புறம் கல்லை எடுப்பதும் எடுக்காததும் வாசகனின் இஷ்டம்.

'பார்க்கிங்' படத்தின் முதல் பாதி அந்த ஜன்னலைத் திறந்தது. எதிரியின் வீட்டுக்குள் நம்மை உட்கார வைத்து, அவன் சொல்வதும் நியாயந்தானே என்று நம்மை முணுமுணுக்க வைத்தது. ஒரு கார் நிற்கிற இடத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்து காட்டியதற்காகவே அது பாராட்டுக்கு உரியது. பின்பாதியில் அது தவறவிட்டதை எழுத நம் நாவலாசிரியர்களுக்கு இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யாரும் கல் போட்டு மறிக்கவில்லை.